தோஹாவில் கட்டடம், ஒரகடத்தில் சுவிட்சு

1

தோஹாவில் இன்னொரு வெயில்காலத்தை முடித்துவிட்டேன். ஊரில் இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளவும்: இது துபாய் இல்லை. பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவைப் பொறுத்தவரை விமானம் ஏறிய எல்லாரும் துபாயில்தான் இருக்கிறார்கள். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருக்கும் பக்கத்து வீட்டு அண்ணனும் துபாய்தான். திருத்திச் சொன்னால், “எல்லாம் ஒண்ணுதாம்பா, வெயிலு” என்பார்கள்.

உண்மையில் நான் வெயிலைப் பார்ப்பதே இல்லை. கண்ணாடியால் கட்டிய ஒரு பெரிய ஆபீஸ் கட்டடத்தின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத ஓர் அறையில் எனக்கு வேலை. கட்டடத்தின் ஒவ்வொரு அறையின் கூரையிலும் இட்லி அளவில் வெள்ளையாக ஒரு சென்சார் ஒட்டியிருக்கும். உள்ளே ஆள் இருக்கிறதா, எத்தனை பேர், எவ்வளவு சூடு, ஜன்னல் வழியாக எவ்வளவு வெளிச்சம் என்று அது பார்த்துச் சொல்லும். ஆள் இருக்கும் இடத்துக்கு மட்டும் குளிர் போகும். ஆள் கிளம்பினால் விளக்கு தானே அணையும். வெறும் நாற்காலிக்கு ஏசி போட்டுப் பணத்தைக் கொட்டுகிற வேலை இல்லை. இது எல்லாவற்றையும் ஸ்கிரீனில் பார்த்துக்கொண்டு, எங்கே தப்பு நடக்கிறதோ அங்கே ஒரு க்ளிக் பண்ணிச் சரி செய்வதுதான் என் உத்தியோகம். என் மனைவி தேவகியிடம் தெருவில் யாராவது கேட்டால், “பில்டிங்குக்கே சுவிட்சு போடுறாரு” என்று சொல்லிவிடுவாள். பாலிடெக்னிக்கை இரண்டாவது வருஷத்தில் விட்டுவிட்டு ஓடியவனுக்கு இது பெரிய பதவிதான். நானும் மறுத்ததில்லை.

எங்கள் மேனேஜர் குரியன் சார் கோட்டயத்துக்காரர். ஒருநாள் வந்து, இனிமேல் நீ எதைத் தொட்டாலும் ஏன் தொட்டாய் என்று கம்ப்யூட்டரில் எழுதிவை என்றார்.

“ஏன் சார், எம்மேல டவுட்டா?”

“இல்லடா மோனே. கம்ப்யூட்டர் நின்னைப் பார்த்துப் படிக்கட்டும்.”

என்னைப் பார்த்துப் படிக்கிற ஒரே ஜீவன் என்று எனக்குப் பெருமை. எழுதித் தள்ளினேன். மேற்குப் பக்க அறைகள் மதியத்துக்கு மேல் அடுப்பு, முன்கூட்டியே குளிர வை. இந்த மாடியில் எல்லாரும் தொழுகைக்குப் போவார்கள், அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே குறைத்துவிடலாம். பதினேழாம் மாடி ஐயா எந்தச் சூட்டிலும் கோட்டைக் கழற்ற மாட்டார், அவர் அறைக்கு மட்டும் கூடுதல். இவர் காலையில் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வருகிறார், தலைக்கு நேராகக் காற்றுவிடு. கடைசியாகச் சொன்னதைக் குரியன் சார் அழிக்கச் சொன்னார். மற்றதையெல்லாம் கம்ப்யூட்டர் மனப்பாடம் பண்ணிக்கொண்டது. நான் பள்ளிக்கூடத்தில் பண்ணாததை அது பண்ணியது.

ஒரு காலையில் வேலைக்குப் போனால் நாற்காலி இருக்கிறது, ஸ்கிரீனைக் காணோம். கையில் ஒரு ஃபோனும் காதில் மாட்டும் கருவியும் கொடுத்தார்கள். இனிமேல் கட்டடத்தை வேறு ஊரிலிருந்து பார்த்துக்கொள்வார்களாம். அங்கே இருப்பவர்களுக்குக் கை எட்டாத இடத்துக்கு மட்டும் நான் ஓட வேண்டுமாம். அதாவது மூளை வெளியூர் போய்விட்டது. கையும் காலும் இங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

அன்றைக்கே முதல் கால் வந்தது.

“குட் மார்னிங் சைட். லெவல் ட்வென்டி டூ. டேம்பர் ஸ்டக். கைண்ட்லி செக்.”

டேம்பர் என்பது காற்றுக் குழாய்க்குள் இருக்கும் மூடி. அது சிக்கிக்கொண்டதாம். சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்தப் பக்கம் லைனை அணைக்க மறந்துவிட்டு அதே குரல் யாரிடமோ பேசியது:

“டேய், சட்னி தீந்துடப் போவுது, எடுத்து வையி. வந்துக்கினே இருக்கேன்.”

“சட்னி இருக்குதாப்பா?” என்றேன் நான்.

பிறகு மெதுவாக, “அண்ணா… தமிழாண்ணா நீங்க?”

“காஞ்சிவரம்பா. நீயி?”

“அய்யோ! ஓரிக்கைண்ணா நானு! விக்னேஷ்.”

“அப்போ எங்க குந்திக்கினு எம்பில்டிங்க ஓட்டுற? சென்னையா?”

“இல்லண்ணா, ஒரகடம். நம்ம பஸ் ஸ்டாண்டுலயே கம்பெனி பஸ்ஸு வந்து இட்டுக்கினு போவுது. சாயங்காலம் அங்கயே வுட்டுடும்.”

இருபத்திரண்டாம் மாடிக்கு லிஃப்டில் போகும்போது இதைத்தான் நினைத்துக்கொண்டு போனேன். அந்த ஸ்கிரீன் முன்னால் உட்காருவதற்காக ஏஜென்ட் வாசலில் காத்துக் கிடந்து, ரத்தம் கொடுத்து, எக்ஸ்ரே எடுத்து, கடல் தாண்டி வந்தேன். அது எனக்கு முன்னால் ஊருக்குப் போய்விட்டது. லீவுகூடக் கேட்கவில்லை.

2

வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கடைசியாக லீவில் போனபோது, நம் வித்தையை நம் வீட்டிலும் காட்டலாம் என்று மூன்று அறைக்கும் சென்சார் மாட்டினேன். ஆள் வந்தால் விளக்கும் மின்விசிறியும் தானே ஓடும், போனால் தானே நிற்கும். கரண்டு பில் குறையும், நானும் இங்கே இருந்தபடி ஃபோனில் பார்க்கலாம், அணைக்கலாம். மாட்டிவிட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அப்பா தறியில் புதுப் பாவு பிணைத்துக்கொண்டிருந்தார். பழைய பாவின் ஒவ்வொரு இழையையும் புதுப் பாவின் இழையோடு முறுக்கிச் சேர்க்கிற வேலை. பட்டு இழை, மூச்சுவிட்டால் பறக்கும். அந்த நேரத்தில் தறி வீட்டில் எவ்வளவு புழுங்கினாலும் யாரும் மின்விசிறியைத் தொட மாட்டார்கள். எங்கள் தெருவில் சின்னக் குழந்தைக்குக்கூட அது தெரியும். என் சென்சாருக்குத் தெரியவில்லை; அப்பா அசையாமல் குனிந்திருந்ததால் அறையில் ஆளே இல்லை என்று நினைத்திருந்தது. அம்மா அப்பாவுக்கு மோர் கொண்டுபோனாள். ஆள் வந்தாயிற்று என்று மின்விசிறி சந்தோஷமாகச் சுற்ற ஆரம்பித்தது. கூந்தல் விரித்த மாதிரி இழையெல்லாம் பறந்தது.

“டேய்! எவன்டா அவன்!” என்று அப்பா போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்தார்.

“சிக்கனத்துக்குத்தாம்பா…” என்றேன்.

“உன் சிக்கனத்துல தீய வைக்க. ரெண்டு நாளு வேல போச்சு!”

தறி வீட்டு சென்சார் அன்றைக்கே குப்பைக்குப் போனது. மற்ற இரண்டு அறையில் இருப்பது இன்னும் என் ஃபோனில் வருகிறது. ராத்திரி பாப்பா தூங்கும் நேரத்தில் நான் இங்கேயிருந்து விளக்கை அணைப்பேன். பாப்பா என்றால் யாழினி. நான் கிளம்பும்போது தவழ்ந்தாள். இப்போது பேசுகிறாள், முக்கியமாக என்னைப் பார்த்து வேலை சொல்கிறாள்.

“அப்பா, லைட்டு ஆஃபு.”

அணைப்பேன். வீடியோவில் இருட்டாகிவிடும். அதோடு எங்கள் பேச்சு முடிந்தது. மற்ற குழந்தைகளுக்கு அப்பா முதுகில் ஏறும் யானை, ஐஸ்கிரீம் வாங்கும் ஆள். என் குழந்தைக்கு நான் சுவரில் இல்லாத ஒரு சுவிட்சு.

ஜூனில் அவளை எல்கேஜி சேர்க்க வேண்டும். முதல்நாள் பள்ளிக்கூடத்துக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போவேன் என்று தேவகியிடம் சொல்லியிருந்தேன். இந்தத் தடவை லீவில் வருவதாகச் சொல்லவில்லை, ஒரேயடியாக வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தேன். எப்படி என்று அவள் கேட்கவில்லை. எனக்கும் தெரியாது. விக்னேஷின் அந்தச் சட்னி வாசனைக்குப் பிறகுதான் தெரிந்தது.

3

ஒரகடத்தில் ஒரு நாற்காலி. அதுதான் எனக்கு வேண்டும். அதே கட்டடம், அதே ஸ்கிரீன், காலையில் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் ஏறி சாயங்காலம் வீட்டில். வேறு எதுவும் மாற வேண்டாம், நான் இருக்கிற ஊர் மட்டும் மாறினால் போதும்.

விக்னேஷும் நானும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாட்ஸாப்பில் பேசிக்கொள்வோம். ஆபீஸ் லைனில் பேச முடியாது, எல்லாம் பதிவாகும். முதல்நாள் சட்னிக்கே அவனுக்கு ஒரு எச்சரிக்கை வந்திருந்தது. நல்ல பையன். அவன் அப்பா ரயில்வே ஸ்டேஷனில் ஆட்டோ ஓட்டுகிறார். வேலையிலும் கெட்டிக்காரன், பொய் சொல்ல மாட்டேன். அவன் வந்த பிறகு கட்டடத்தின் கரண்டுச் செலவு இன்னும் இறங்கியது. நான் காட்டிய பழக்கங்களை வைத்துக்கொண்டு, நான் யோசிக்காத இடங்களிலும் கம்ப்யூட்டரும் அவனுமாகச் சேர்ந்து குறைத்தார்கள்.

“எடம் காலி இருக்குதுண்ணா. மூணு பேர எடுக்குறாங்க. போடுண்ணா.”

விண்ணப்பம் கம்பெனி இணையதளத்தில். படிப்பு என்று ஓரிடம் வரும். தொட்டால் வரிசையாக இறங்கும்: பி.இ., எம்.இ., டிப்ளமோ. பாதி என்று ஒன்று இல்லை. டிப்ளமோவைத் தொட்டால் முடித்த வருஷம் கேட்கிறது. அது முடியாமல் அடுத்த பக்கத்துக்குப் போக விடமாட்டேன் என்கிறது. ஏர்போர்ட்டில்கூட என்னை இப்படி நிறுத்தியதில்லை. அங்கே விரலை வை, கண்ணைக் காட்டு என்றார்கள், காட்டினேன். இதற்கு எதைக் காட்டுவது?

குரியன் சார்தான் வழி சொன்னார். உள்ளே வேலை செய்கிறவன் இடம் மாறுவதென்றால் மேனேஜர் சிபாரிசில் படிப்பைத் தளர்த்தலாமாம். அவர் எழுதிக் கொடுத்தார். அதோடு விட்டிருக்கலாம். எனக்கோ கை அரித்தது.

எங்கள் ஊரில் ஒரு நெசவாளி இடம் மாற வேண்டுமென்றால் நேரே போய் வேலை கேட்க மாட்டான். கேட்டால் மதிப்பு போய்விடும். டீக்கடையில் யாரையாவது விட்டுப் பேச வைப்பான்: “அந்த மொதலாளி வூட்ல இவன் மட்டும் இல்லாட்டி ஒரு சேலையும் எறங்காது. அத்தினி தறியும் நின்னுடும்.” இது இன்னொரு முதலாளியின் காதில் விழும். அவ்வளவு பெரிய ஆளா, அவனை நாம் இழுத்துவிடுவோம் என்று அவர் ஆள் அனுப்புவார். இப்படித்தான் எங்கள் அப்பா இரண்டு முறை மாறினார். பார்த்து வளர்ந்தவன் நான்.

விக்னேஷ் மாதாமாதம் கட்டடத்தைப் பற்றி ஒரு ரிப்போர்ட் அனுப்புவான்.

“தம்பி, அதுல என்னப் பத்தி ரெண்டு வரி போடு. இந்த ஆளு இல்லாட்டி பில்டிங்கே நின்னுடும்னு போடு.”

“அப்பிடியாண்ணா போடறது? ரொம்ப ஓவரா இருக்காது?”

“ஓவராத்தாம்பா இருக்கணும். தறிக்காரன் வூட்டுப் புள்ளைக்கு நீ சொல்லித் தராத. ஆளு எப்பிடி மாறுறான்னு எனக்குத் தெரியும்.”

போட்டான். நான் சொன்னதைவிட நன்றாக, இங்கிலீஷில், மூன்று வரி போட்டான்.

4

இன்டர்வியூ வீடியோவில் நடந்தது. கட்டடத்தில் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் ஒரே மூலை குளிர்நீர் இயந்திரங்களுக்குப் பக்கத்தில். கல்யாண மண்டபத்தில் மேளக்காரன் பக்கத்தில் நின்று கடன் கேட்பது மாதிரி கத்திக் கத்திப் பதில் சொன்னேன். ஸ்கிரீனில் மூன்று முகம். ஒரு அம்மா, “உங்களைப் பற்றி ரொம்ப நல்ல ரிப்போர்ட். ஏன் அங்கிருந்து கிளம்ப நினைக்கிறீர்கள்?” என்று இங்கிலீஷில் கேட்டார்.

“டாட்டர், மேடம்” என்றேன். அதற்கு மேல் இங்கிலீஷ் வரவில்லை.

“ஸோ ஸ்வீட்” என்றார்.

அப்புறம் ஒருநாள் குரியன் சார் கையில் ஒரு ஸ்வீட் பெட்டியோடு அடித்தளத்துக்கு இறங்கிவந்தார். அவர் இறங்கி வருகிறவரே இல்லை. பஸ் ஸ்டாண்டில் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நிற்பதுவரை மனசு போய்விட்டது.

“மோனே, காண்ட்ராக்ட் நீட்டியாச்சு. மற்ற கட்டடத்தில் எல்லாம் ஆளைக் குறைக்கிறாங்க. நின்னைத் தொட மாட்டாங்க.”

“ஒரகடம் இன்னா ஆச்சு சார்?”

“அது எங்கனே? ரிமோட் சென்டரே எழுதியிருக்குல்ல, நீ இல்லாட்டி இந்தக் கட்டடம் நின்னுடும்னு. அப்புறம் நின்னை எப்படி அனுப்பும்?” என் வாயில் ஒரு லட்டைத் திணித்தார். “சந்தோஷமா இல்லையா?”

வாயில் லட்டு இருந்தது. அதனால் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மதியம் விக்னேஷைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

“அண்ணா, நீ சொன்னது ரெண்டு மொதலாளி இருந்தாத்தாண்ணா செல்லும்.”

“ம்.”

“இங்க ஒரே மொதலாளிண்ணா.”

அவன் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அழுகிற மாதிரி சொன்னான். எத்தனை பேரை எத்தனை விதமாகக் கிண்டல் பண்ணியிருக்கிறேன். இவ்வளவு நேர்த்தியாக என்னை யாரும் பண்ணியதில்லை. அதையும் நானே சொல்லிக்கொடுத்துப் பண்ண வைத்தேன்.

5

தேவகியிடம் சொன்னபோது அவள் அழவில்லை. கேள்விதான் கேட்டாள்.

“அந்த வேலைக்கு இன்னா படிச்சிருக்கணுமாம்?”

“பி.இ. எலக்ட்ரிகல். இல்லன்னா டிப்ளமோ. அதான் எங்கிட்ட இல்லியே.”

“எங்கிட்ட இருக்குது.”

தேவகி ஏனாத்தூர் பக்கம் காலேஜில் பி.இ. முடித்தவள், எலக்ட்ரிகல். இதை உங்களிடம் இவ்வளவு நேரம் சொல்லவில்லை. மறைக்கவில்லை, எங்கள் வீட்டிலேயே யாரும் அதை நினைத்துப் பார்ப்பதில்லை. பெண் பார்க்க வந்தபோது எங்கள் அம்மா சொந்தக்காரர்களிடம், “பொண்ணு பெரிய படிப்பு, ஆனா வேலைக்குப் போவாது” என்று ஏதோ கூடுதல் நகை மாதிரி சொன்னாள். வீட்டில் ஃபியூஸ் போனால், “இன்ஜினியரம்மாவக் கூப்புடுங்கப்பா” என்று நான் சத்தம் போடுவேன். எல்லாரும் சிரிப்போம். அவள் எழுந்து போய் ஃபியூஸைப் போட்டுவிட்டு வருவாள்.

“நீ எப்பிடிப் போவ? பாப்பா?”

“அத்த பாத்துக்குவாங்க. நான் கேட்டுட்டேன்.”

“எப்போ கேட்ட?”

“நீங்க இன்டர்வியூவுல இருக்கும்போது.”

சரி, போட்டுப் பார் என்றேன். கிடைக்காது என்று நினைத்துத்தான் சொன்னேன். விண்ணப்பத்தின் அந்தப் படிப்பு வரிசையில் அவளுக்குத் தொட ஒன்று இருந்தது, தொட்டாள், அடுத்த பக்கம் திறந்துகொண்டது. விக்னேஷ் அவளுக்குக் கேள்விகள் சொல்லிக்கொடுத்தான். “அண்ணி செமண்ணா, ஒரு தடவ சொன்னா போதும்” என்று எனக்கே சொன்னான். பாலிடெக்னிக்கில் எனக்கு இரண்டு வருஷம் சொல்லியும் போதவில்லை, அதுவும் ஞாபகம் வந்தது.

ஜூன் மாதம் யாழினியை எல்கேஜியில் கொண்டுபோய் விட்டவள் தேவகி. வேலை கிடைத்து, அந்த வாரமே அவளும் ஒரகடம் பஸ் ஏறினாள். இரண்டு பேரும் பையும் சாப்பாட்டு டப்பாவுமாக நிற்கிற ஃபோட்டோ வந்தது. எடுத்தது எங்கள் அப்பா. தலையெல்லாம் வெட்டிவிட்டார், ஆனால் இரண்டு பையும் தெளிவாகத் தெரிந்தது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதலில் சுலபமான கட்டடத்தைத்தான் கொடுப்பார்களாம். தொந்தரவே தராத, நன்றாகப் பழக்கி வைத்த கட்டடம். எங்கள் கட்டடத்தைக் கொடுத்தார்கள்.

“குட் மார்னிங் சைட். திஸ் இஸ் தேவகி ஃப்ரம் ரிமோட் சென்டர்.”

அந்தக் குரலில் அவள் என்னிடம் பேசியதே இல்லை. கல்யாணத்தன்றுகூட இவ்வளவு மரியாதையாகப் பேசவில்லை.

“குட் மார்னிங் மேடம்.”

“லெவல் ட்வென்டி எய்ட். வால்வ் இஸ் ஓப்பன். ப்ளீஸ் செக்.”

பதிவாகிறது என்று தெரியும். சும்மா இருக்க முடியவில்லை. “எஸ் மேடம். ஸ்மால் யூனிட் ரீச்ட் ஸ்கூல், மேடம்?”

சிரிப்பாள் என்று காத்திருந்தேன்.

“சைட், ப்ளீஸ் கன்ஃபர்ம் வால்வ் பொசிஷன் ஒன்லி.”

சாயங்காலம் வீட்டு ஃபோனில் வந்தாள். பஸ்ஸிலிருந்து அப்போதுதான் இறங்கியிருந்தாள், இன்னும் கழுத்தில் அடையாள அட்டை.

“ஏங்க, எனக்கு ட்ரெய்னிங்கே முடியல. எல்லாம் ரெக்கார்டு ஆவுது. எங்கிட்ட வெளாடாதீங்க.”

“புருஷன்கிட்ட இன்னா வெளாட்டு?”

“அங்க நீங்க புருஷன் இல்ல.”

6

இப்போது ட்ரெய்னிங் முடிந்துவிட்டது. கட்டடத்தை அவள் நன்றாகவே ஓட்டுகிறாள். வெயில் உச்சத்தில் இருந்த மாதத்தில்கூடச் செலவு ஏறவில்லை என்று குரியன் சார் அவளைப் புகழ்ந்தார். அவள் யார் என்று அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. சொன்னால் என்னைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் பேசினேன்; இங்கே வெள்ளி, சனிதான் லீவு, ஞாயிறு வேலைநாள். யாழினிதான் எடுத்தாள்.

“அப்பா, எங்க மிஸ்ஸு கேட்டாங்க, அப்பாவுக்கு இன்னா வேலன்னு.”

“இன்னா சொன்ன கண்ணு?”

“அம்மா சொல்றத செய்யுற வேலன்னு சொன்னேன்.”

பின்னால் எங்கள் அப்பா சிரிக்கிற சத்தம் கேட்டது. நானும் சிரித்தேன். நல்ல கிண்டல், என் ரத்தம் அல்லவா. ஆனால் அவள் கிண்டல் பண்ணவில்லை. தெரிந்ததைச் சொன்னாள்.

தேவகி ஃபோனை வாங்கி வாசல் பக்கம் வந்தாள். முகம் கொஞ்சம் இளைத்திருந்தது, நன்றாகவும் இருந்தது. ரொம்ப நாளாக மனசில் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

“தேவகி, இப்போ நீயும் சம்பாதிக்கற. நம்மளுக்கு அது போதும். நான் வந்துடட்டுமா?”

“வாங்க” என்று சட்டென்று சொல்லுவாள் என்று நினைத்திருந்தேன். சண்டை போடுவாள், ஏன் இத்தனை நாள் வரவில்லை என்பாள், அதற்கெல்லாம் பதில் தயாராக இருந்தது.

“வந்து?” என்றாள்.

குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே கேட்டாள். ஒரு வால்வைப் பற்றிக் கேட்கிற மாதிரி, தெரிந்துகொண்டு அடுத்ததை யோசிக்க வேண்டும் என்பதற்காகக் கேட்டாள்.

யோசித்தேன். தறியில் என்னால் ஒரு முழம் ஒழுங்காக நெய்ய முடியாது. அந்தப் படிப்பு வரிசையில் என் பெயருக்கு எதிரே இன்னும் ஒன்றும் இல்லை. எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு கட்டடம். அது இங்கே இருக்கிறது. எல்லார் வாயையும் அடைக்கிற மாதிரி எப்போதும் ஒரு பேச்சு என்னிடம் கைவசம் இருக்கும், அதையும் தேடிப் பார்த்தேன்.

தேவகி காத்துக்கொண்டிருந்தாள். உள்ளே அம்மா பாப்பாவைச் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“யோசிச்சுச் சொல்றேன்” என்றேன்.

“யோசிங்க. அவசரமில்ல.” உள்ளே போகத் திரும்பியவள் நின்றாள். “அந்த முப்பதாவது மாடி பம்பு சத்தம் போடுதுன்னு காட்டுது. ஞாயித்துக்கெழம காலையில மொத வேலயா பாத்துடுங்க.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான்.